மலையேற்றத் தடை மட்டும் போதுமா? பின்பனிக் காலக் காடுகள் எழுப்பும் கேள்வி

தமிழ் மரபு ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்திருக்கிறது. அவற்றுள் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். வடகிழக்குப் பருவமழையின் ஈரம் வற்றி, வானம் தெளிந்து, விடியற்காலைக் குளிர் இன்னும் விலகாதிருக்கும் இந்த இரண்டு மாதங்கள் மலையில் நடப்பதற்கு மிக உவப்பானவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளிச் சரிவுகள் காய்ந்து தீக்குக் காத்திருப்பதும் இதே மாதங்களில்தான். நடப்பவரை அழைக்கும் வறண்ட வானிலையே நெருப்பையும் அழைக்கிறது.

இந்த முரண் நமக்கு மட்டும் உரியதன்று. ஆல்ப்ஸ் மலையிலும் வட அமெரிக்காவின் தொலைதூரக் காடுகளிலும் குளிர்காலத்தின் பிற்பகுதியில், இழுவை வசதியோ செப்பனிட்ட பாதையோ இல்லாத சரிவுகளில் பனிச்சறுக்குக் கட்டைகளைப் பூட்டிக்கொண்டு நெடும்பயணம் போகிறவர்கள் பெருகிவருகின்றனர். பகற்பொழுது நீண்டு, பனி ஆழமாகப் படிந்திருக்கும் அந்தப் பருவம் அவர்களுக்கு மிகவும் விருப்பமானது. பனிச்சரிவு அபாயம் மிகுந்ததும் அதுவே. இயற்கையின் இந்த இரட்டை முகத்தை அந்நாடுகள் கையாளும் முறைக்கும் நாம் கையாளும் முறைக்கும் உள்ள வேறுபாட்டைப் பொருளியல் மாணவன் என்ற நிலையிலிருந்து பேச விரும்புகிறேன்.

குரங்கணி கற்பித்தது என்ன?

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்து மற்றொரு குழு என ஏறக்குறைய 40 பேர். பெரும்பாலோர் இளைஞர்கள், அவர்களிலும் பெண்களே மிகுதி. இந்திய விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வரவழைக்கப்பட்டன. காயமுற்றோர் பலர் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். அடுத்த சில வாரங்களில் ஒருவர் பின் ஒருவராக உயிரிழப்புகள் கூடி, மொத்தம் 23 பேர் மாண்டனர். வண்டியூரில் வசிக்கும் என்னைப் போன்ற மதுரைக்காரர்களுக்கு அந்த மார்ச் மாதம் தொலைக்காட்சியில் பார்த்த செய்தியாக மட்டும் இருக்கவில்லை. நம் ஊர் மருத்துவமனை வாசலில் வெளியூர்ப் பெற்றோர்கள் காத்துக் கிடந்த மாதம் அது.

அரசு அதிகாரியின் தலைமையில் விசாரணை நடந்தது. வனச்சரகர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். பயணத்தை ஏற்பாடு செய்தவர்கள்மீது வழக்குகள் பதிவாயின. குழுவினர் சென்ற கொழுக்குமலைப் பாதைக்கு வனத்துறையின் அனுமதி இருக்கவில்லை என்று அப்போது சொல்லப்பட்டது. அனுமதி பெற்றார்களா, யார் தவறு என்ற கேள்விகளிலேயே பொதுவிவாதம் முடிந்துபோனது. அனுமதி பெற்றே சென்றிருந்தாலும் அன்றைய தீ அவர்களைச் சூழ்ந்திருக்காதா என்ற கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு.

காட்டுத்தீயின் இயக்கம் எளிமையானது, ஆனால் நகரவாசிக்குத் தெரியாதது. சமவெளியில் பரவும் தீயைவிட மேட்டை நோக்கி ஏறும் தீ பலமடங்கு வேகமானது. கீழிருந்து எழும் வெப்பம் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கிறது என்பது தீயணைப்புத் துறையினர் உலகெங்கும் பின்பற்றும் கணக்கு. பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும் காற்று இதற்குத் துணைசெய்யும். உயரமான காய்ந்த புல் மண்டிய சரிவில், பிற்பகலில், கீழிருந்து தீ வந்தால் மேல்நோக்கி ஓடுவது உயிர்தப்பும் வழியாகாது. ஏற்கெனவே எரிந்து கரியான நிலமோ, பாறைப் பரப்போ, ஓடைப் படுகையோதான் அடைக்கலம். இந்த நான்கு வரிச் செய்தி அன்று மலையிலிருந்த எத்தனை பேருக்குச் சொல்லப்பட்டிருக்கும்?

பனியின் நாடுகள் கண்ட வழி

பனிச்சரிவும் இதே போன்றதே. சரிவின் கோணம், காற்று, வெப்பநிலை, அடுக்கடுக்காகப் படிந்த பனியின் பிணைப்பு ஆகியவை சேர்ந்தே அபாயத்தைத் தீர்மானிக்கின்றன. பனிச்சரிவில் சிக்கியவர்களுள் 10 பேரில் 9 பேரின் விபத்துக்கு அவர்களோ அவர்களுடைய குழுவினரோதான் காரணம் என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை. அவர்களுடைய உடல் எடையே பனியடுக்கை உடைத்துவிடுகிறது. காட்டுத்தீயும் பெரும்பாலும் மனிதரால் உண்டாவதே. இரண்டிலும் இயற்கையைப் பழிப்பதில் பயனில்லை.

இந்த அபாயத்தை எதிர்கொள்ள ஐரோப்பிய நாடுகள் முதலில் செய்தது தகவலைப் பொதுச்சொத்தாக்கியது. 1993ஆம் ஆண்டில் அவை ஒரே அளவுகோலுக்கு உடன்பட்டன. குறைவு, மிதம், கணிசம், அதிகம், மிக அதிகம் என ஐந்து படிகள். சுவிட்சர்லாந்தின் தாவோஸ் நகரிலுள்ள பனி ஆய்வு நிறுவனம் குளிர்காலம் முழுவதும் நாள்தோறும், பகுதிவாரியாக, பொதுமக்களுக்குப் புரியும் மொழியில் அறிக்கை வெளியிடுகிறது. எந்த உயரத்துக்கு மேல் அபாயம், எந்தத் திசை நோக்கிய சரிவில் அபாயம் என்பதுவரை அதில் இருக்கும். கிளம்புவதும் தவிர்ப்பதும் பயணியின் பொறுப்பு. ஆனால், அறிந்து முடிவெடுக்கும் வாய்ப்பு அவருக்கு உண்டு.

இரண்டாவது, மீட்பு என்பது வெளியிலிருந்து வருவதன்று என்ற தெளிவு. பனியில் புதையுண்டவர் முதல் கால் மணி நேரத்துக்குள் தோண்டியெடுக்கப்பட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம், அதற்குப் பிறகு அது செங்குத்தாக வீழ்கிறது. எந்த ஹெலிகாப்டரும் அதற்குள் வந்து சேர்வது அரிது. எனவே, பயணி ஒவ்வொருவரும் சமிக்ஞைக் கருவியும் மண்வாரியும் துழாவுகோலும் சுமந்து செல்வதும், அவற்றைப் பயன்படுத்தப் பழகியிருப்பதும் அங்கே வழக்கமாகிவிட்டது. குரங்கணியிலும் முதலில் மேலேறிச் சென்று காயமுற்றோரைத் தூக்கிவந்தவர்கள் அடிவாரக் கிராமத்து மக்கள்தாம். அவர்களிடம் முறையான முதலுதவிப் பெட்டியோ தூக்குப்படுக்கையோ போதிய அளவில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

அந்நாடுகளின் முறை குறையற்றது என்று நான் சொல்லவில்லை. ஆல்ப்ஸ் பகுதியில் பனிச்சரிவு மரணங்களுள் பெரும்பங்கு நிகழ்வது ஐந்தாம் படியில் அன்று, மூன்றாம் படியில். மிக அதிக அபாயம் என்று அறிவித்தால் யாரும் கிளம்புவதில்லை. நடுத்தரமாகத் தோன்றும் நாளில்தான் துணிகிறார்கள். பாதுகாப்புக் கருவிகள் பெருகும்போது மனிதர்கள் கூடுதல் துணிச்சல் கொள்வார்கள் என்று அமெரிக்கப் பொருளியலாளர் சாம் பெல்ட்ஸ்மன் 1975இல் மோட்டார் வாகனங்களை முன்வைத்து வாதிட்டது இங்கும் நினைவுக்கு வருகிறது. ஆகவே, அறிவிப்பு மட்டும் உயிர்காக்காது, அதைப் படித்துப் பொருள்கொள்ளும் பயிற்சியும் வேண்டும். ஆனால், பயிற்சி தருவதற்கும் அடிப்படை அறிவிப்பே.

உச்சியிலிருந்து நுழைபவர்கள்

இந்தியாவிலும் பனிச்சறுக்கு உண்டு. காஷ்மீரின் குல்மார்க்கில் கம்பிவடத் தொட்டில் ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்துக்கு எவரையும் சில நிமிடங்களில் கொண்டுசேர்த்துவிடும். அங்கிருந்து வரையறுக்கப்பட்ட பாதையை விட்டு விலகி இறங்கினால் காவல் இல்லாத காட்டுச் சரிவுதான். 2024 பிப்ரவரியில் அவ்வாறு கிலன்மார்க் பகுதியில் சென்ற வெளிநாட்டுக் குழு பனிச்சரிவில் சிக்கி, ரஷ்யர் ஒருவர் உயிரிழந்தார். உடன் சென்றவர்கள் மீட்கப்பட்டனர். உள்ளூர் வழிகாட்டி இன்றி அவர்கள் சென்றதாகச் செய்திகள் தெரிவித்தன.

கொழுக்குமலையின் புவியியலை அறிந்தவர்களுக்கு இதிலுள்ள ஒற்றுமை விளங்கும். 7,000 அடிக்கு மேல் அமைந்த அந்தத் தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால், அதற்கு வாகனப் பாதை கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்தே செல்கிறது. ஜீப்பில் ஏறினால் உச்சியை அடைந்துவிடலாம். குரங்கணி அடிவாரத்தில் எத்தனை சோதனைச்சாவடி வைத்தாலும், மேலிருந்து கீழே இறங்க நினைப்பவரை அது தடுக்காது. கீழே வந்து சேரும்போதுதான் அவர் சாவடியைக் காண்பார். இரு மாநிலங்கள் கூட்டாக நிர்வகிக்க வேண்டிய மலையை நாம் எல்லைக்கோடு போட்டுப் பிரித்து நிர்வகிக்கிறோம். காற்றுக்கும் தீக்கும் அந்தக் கோடு தெரியாது.

நாம் செய்தவையும் செய்யாதவையும்

குரங்கணிக்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. 2018இலேயே மலையேற்றத்துக்கான ஒழுங்குமுறை விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், எளிது, மிதமானது, கடினம் என்ற மூவகைப் பகுப்பு, இணையவழி முன்பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் என்பன அதன் சிறப்புகள். வழிகாட்டிகளாகப் பழங்குடி இளைஞர்களும் வனத்தையொட்டிய சிற்றூர்களின் இளைஞர்களும் சேர்க்கப்பட்டது சரியான முடிவு. தீப்பருவத்தை முன்னிட்டு 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அந்தப் பாதைகள் மூடப்பட்டன. இதுவும் தேவையான முடிவே.

ஆனால், இந்த ஏற்பாட்டில் மூன்று இடைவெளிகளைக் காண்கிறேன்.

முதலாவது, தகவல். டேராடூனிலுள்ள இந்திய வன அளவைத் துறை 2004 முதலே செயற்கைக்கோள்வழித் தீ எச்சரிக்கைகளை அனுப்பிவருகிறது. இன்று ‘வன் அக்னி’ என்ற அதன் தளத்தில் ஒவ்வொரு தீப்புள்ளியையும் காணலாம். தீ எழும் முன்பே எந்தப் பகுதி அபாயத்தில் உள்ளது என்ற முன்னறிவிப்பும் வனத்துறையினருக்குச் செல்கிறது. எனவே, நம்மிடம் தகவல் இல்லை என்று சொல்ல முடியாது. அலுவலகங்களுக்கிடையே ஓடும் அந்தத் தகவல், போடி பேருந்து நிலையத்தில் முதுகுப்பையுடன் நிற்கும் இளைஞருக்குத் தமிழில், அவர் போகவிருக்கும் வனச்சரகத்தின் பெயரோடு, ஐந்து படிகளில் ஒன்றாக வந்துசேர்வதில்லை. இன்று மாவட்டவாரியாக மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை விடுகிறோம். பள்ளிப் பிள்ளைகளும் அதன் பொருளை அறிந்துவிட்டார்கள். அதே எளிமையில் மார்ச் மாதத்தில் தீக்கும் எச்சரிக்கை விட இயலாதா?

சந்தையில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது தரமற்ற சரக்கே மிஞ்சும் என்று ஜார்ஜ் அகெர்லோஃப் 1970இல் எழுதிய கட்டுரை பொருளியலில் புகழ்பெற்றது. வார இறுதிப் பயணச் சந்தைக்கும் அது பொருந்தும். இலந்தைக்குளம் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் வேலைபார்க்கும் இளைஞர் ஒருவர் கைப்பேசியில் இரண்டு விளம்பரங்களைக் காண்கிறார். ஒருவர் பயிற்சி பெற்ற வழிகாட்டி, முதலுதவி, காப்பீடு ஆகியவற்றைச் சேர்த்து விலை சொல்கிறார். இன்னொருவர் இவை எதுவுமின்றிப் பாதி விலை சொல்கிறார். மலைமுகட்டின் புகைப்படம் இரண்டிலும் ஒன்றுதான். பாதுகாப்பின் தரத்தை அறிய வழியில்லாதபோது விலையே முடிவுசெய்கிறது. ஏற்பாட்டாளர்களுக்கு உரிமமும், அந்த உரிமத்தைப் பொதுமக்கள் சரிபார்க்கும் பட்டியலும் இருந்தால்தான் முதலாமவர் சந்தையில் நிலைக்க முடியும்.

இரண்டாவது, வாழ்வாதாரம். பாதைகளை இரண்டு மாதம் மூடும்போது வழிகாட்டியின் வருமானமும் நின்றுவிடுகிறது. அதே இரண்டு மாதங்களில்தான் வனத்துறைக்குத் தீத்தடுப்புக் காவலர்கள் மிகுதியாகத் தேவைப்படுகின்றனர். தற்காலிகக் கூலிக்கு ஆள்தேடும் நிலை ஆண்டுதோறும் தொடர்கிறது. ஒருபுறம் வேலையிழந்த பயிற்சிபெற்ற மனிதர், மறுபுறம் ஆளில்லாத வேலை. இவ்விரண்டையும் இணைத்து, பத்து மாதம் வழிகாட்டி, இரண்டு மாதம் தீக்காவலர் என்று ஆண்டு முழுமைக்கும் ஊதியமும் காப்பீடும் கொண்ட ஒரே பணியாக வரையறுப்பது கடினமன்று. காட்டின் ஒவ்வொரு ஓடையையும் பாறையையும் அறிந்தவரே தீயின் பாதையையும் அறிவார். நுழைவுக் கட்டணம் மிகை என்ற குறை திட்டம் தொடங்கிய நாளிலிருந்தே எழுந்துவருகிறது. அந்தக் கட்டணத்தில் எவ்வளவு இந்த மனிதர்களைச் சேர்கிறது என்பதைப் பாதைவாரியாக வெளியிட்டால் குறைசொல்பவர்களும் மனமுவந்து செலுத்துவார்கள்.

மூன்றாவது, சமமின்மை. சுற்றுலா மலையேற்றத்துக்குப் பாதை மூடப்படும் அதே நாள்களில், கோவை வெள்ளியங்கிரி மலையின் ஏழு மலைகளையும் ஏறப் பக்தர்கள் அனுமதிக்கப்படுகின்றனர். ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் மே வரை அங்கே யாத்திரைக் காலம். 2024ஆம் ஆண்டு யாத்திரையில் மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் பலர் உயிரிழந்தனர். நம் பக்கத்துச் சதுரகிரியில் 2015 மே மாதம் திடீர் வெள்ளம் பக்தர்களின் உயிரைப் பறித்தது. சதுரகிரி இன்று 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகப் பகுதி. பக்தர் வேறு, பயணி வேறு என்று நம் மனம் பிரித்துப் பார்க்கலாம். ஓடையில் வரும் வெள்ளமும் புல்லில் வரும் தீயும் அவ்வாறு பார்ப்பதில்லை.

யாத்திரையைத் தடைசெய்யுங்கள் என்று கோருவது என் நோக்கமன்று. தலைமுறைகளாக மலையோடு மக்கள் கொண்ட உறவு அது. ஆனால், நாளொன்றுக்கு இத்தனை பேர், இந்த நேரத்துக்குப் பின் ஏற்றமில்லை, அடிவாரத்தில் உடல் பரிசோதனை, பாதையில் இடைவெளிவிட்டு முதலுதவி நிலையம், அன்றைய தீ எச்சரிக்கைப் படி நான்கைத் தாண்டினால் இருசாராருக்கும் மூடல் என்ற ஒரே விதி இருக்கலாம். விதி சமமாக இருக்கும்போதுதான் மக்கள் அதை மதிப்பார்கள். ஒருவருக்குத் தடையும் மற்றவருக்கு அனுமதியும் தரும் விதியைக் கண்டு, தடுக்கப்பட்டவர் அதிலுள்ள அறிவியலையும் ஐயுறுகிறார், பின்வாசலைத் தேடுகிறார்.

தடையின் விலை

‘இவ்வளவு சிக்கல் எதற்கு, காட்டுக்குள் யாரும் போகாமல் இருந்தால் என்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. வன உயிரினங்களின் நலன் கருதி எழும் இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். மூடியே வைக்க வேண்டிய பகுதிகள் நிச்சயம் உள்ளன. ஆனால், முழுத்தடைக்கும் ஒரு விலை உண்டு. தேவை குறையாதபோது தடை செய்வது அந்தத் தேவையைக் கண்ணுக்குத் தெரியாத பாதைக்குத் தள்ளுவதே. அனுமதிக்கப்பட்ட பாதையில் செல்பவரின் பெயரும் எண்ணிக்கையும் திரும்பும் நேரமும் பதிவில் இருக்கும். திருட்டுத்தனமாகச் செல்பவர் சிக்கிக்கொண்டால் அவரைத் தேடவும் ஆளிருக்காது. மேலும், காட்டைக் கண்டறியாத ஒரு தலைமுறை அந்தக் காட்டுக்காகக் குரல்கொடுக்கும் என்று எதிர்பார்ப்பதும் கடினம்.

இதற்கு மதுரையே சான்று. யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கும் திட்டம் வந்தபோது எழுந்த எதிர்ப்பின் தொடர்ச்சியாக 2010இல் எழுத்தாளர் அ.முத்துக்கிருஷ்ணன் தொடங்கிய ‘பசுமை நடை’, பல ஆண்டுகளாக நகரத்துக் குடும்பங்களை விடியற்காலையில் சமணக் குன்றுகளுக்கு அழைத்துச் சென்றது. வெயில் ஏறும்முன் திரும்பிவிடும் எளிய நடை. குன்றுகளை நேரில் கண்டறிந்த மக்கள் அவற்றைக் காக்கவும் முன்வந்தார்கள். 2022இல் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டி அறிவிக்கப்பட்டபோது அதை மதுரை கொண்டாடியதில் இத்தகைய நடைகளுக்கும் பங்குண்டு. தீப்பருவத்தில் உயர்மலைகளை மூடும் அரசு, அதே வாரங்களில் இதுபோன்ற தாழ்ந்த பாறைக்குன்றுகளில் வழிகாட்டியுடன் கூடிய நடைகளை ஏற்பாடு செய்யலாம். மாசி மாதத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பத் துடிக்கும் இளைஞருக்கு மாற்றுவழி காட்டாத தடை பாதித்தடைதான்.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு கோருவதன்று. தமிழில் நாள்தோறும் ஒரு தீ எச்சரிக்கை அறிக்கை. இடுக்கி, தேனி மாவட்ட நிர்வாகங்களுக்கிடையே ஒரு பொதுப் பதிவேடு. அடிவாரக் கிராமம் ஒவ்வொன்றிலும் தூக்குப்படுக்கைகளும் தீக்காய முதலுதவிப் பெட்டியும், அவற்றைக் கையாளப் பயிற்சிபெற்ற பத்துப்பேரும். வழிகாட்டிகளுக்கு ஆண்டு முழுமைக்கும் ஊதியம். ஏற்பாட்டாளர்களுக்கு உரிமம். பக்தருக்கும் பயணிக்கும் ஒரே விதி. அடுத்த பிப்ரவரி 15ஆம் நாள் பாதைகளை மூடும் ஆணை வெளியாகும்போது, மூடுகிறோம் என்ற ஒற்றை வரியோடு இவற்றுள் சிலவேனும் அதில் இடம்பெற வேண்டும். குரங்கணியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோருக்கு நாம் இன்னும் தராத பதில் அதில் இருக்கிறது.